கடல் அட்டைக் கட்டுரைக்கு வெளிநாட்டு நிதி: யாரிடம் கேட்பது, எப்படி வாங்குவது?

வேதாளை வாடை:

வணக்கம். மன்னார் வளைகுடாவில் கடல் அட்டை (கடலடியில் ஊரும் உயிரினம்) பிடிக்க 2001 முதல் தடை. அதே கடலின் அந்தக் கரையில், இலங்கையில், உரிமம் இருந்தால் பிடிக்கலாம், பண்ணையும் வைக்கலாம். இந்த வேறுபாட்டில் கடத்தல் எப்படிப் பிழைக்கிறது என்று விரிவாக எழுதத் திட்டம். பத்திரிகைச் சன்மானம் படகு டீசலுக்கே காணாது. பல்லுயிர்ச் செய்திகளுக்கு நிதி தரும் வெளிநாட்டு அமைப்புகளில் தமிழில் எழுதும் தனிச் செய்தியாளருக்கு எது பொருந்தும்? எவ்வளவு கேட்கலாம்? பணத்தை இந்தியாவில் வாங்குவதில் சிக்கல் உண்டா?

நெய்தல் மணி:

முதலில் எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க். இன்டர்நியூஸ் என்ற அமெரிக்க ஊடக உதவி அமைப்பு அதை 2004-இல் தொடங்கியது. வளரும் நாட்டுச் செய்தியாளர்களுக்கு என்றே பல்லுயிர்க் கட்டுரை நிதி அறிவிப்பார்கள். உள்ளூர் மொழியில் எழுதலாம், ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்துத் தர வேண்டும். ஒன்று கவனிக்கவும்: 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியதில் இன்டர்நியூஸுக்குப் பலத்த அடி. எனவே பழைய அறிவிப்பைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். அழைப்பு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுத உட்காருங்கள்.

அடுத்தது புலிட்சர் சென்டர். திட்ட விளக்கம் 250 சொல்லுக்குள் இருக்க வேண்டும். கூடவே உத்தேசச் செலவு, வெளியான மூன்று கட்டுரைகள், பரிந்துரைக்க மூன்று பேர். இங்கே பலர் செய்யும் தவறு, அவர்களின் மழைக்காட்டு நிதிக்கு மேற்குத் தொடர்ச்சி மலையைக் கொண்டுபோவது. 2018-இல் நார்வே பணத்தில் தொடங்கிய அந்த நிதி அமேசான், காங்கோ படுகை, தென்கிழக்கு ஆசியா மூன்றுக்கும்தான். உங்களுடையது கடல், அதனால் கடல் சார்ந்த அழைப்பைப் பாருங்கள்.

மொங்காபே இந்தியா நிதி அமைப்பு அல்ல, கட்டுரை கேட்டு வாங்கிப் பணம் தரும் தளம். ஆனால் மற்ற இடங்களில் கேட்கிற 'வெளியிடுவோம்' என்ற எடிட்டர் கடிதத்துக்கு இப்படி ஒரு தளமும் ஒரு தமிழ் இதழும் சேர்ந்தால் விண்ணப்பம் கனமாகும்.

இப்போது எழுதியிருப்பது தலைப்பு, இன்னும் கதை ஆகவில்லை. 'கடத்தல் எப்படி நடக்கிறது' என்பதை எல்லாரும் அனுப்புவார்கள். 'கால் நூற்றாண்டுத் தடையால் அட்டை பெருகியதா? அதை யார், எப்போது எண்ணினார்கள்?' என்று கேளுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. அங்கே யாரிடம் பேசப் போகிறீர்கள் என்பது விண்ணப்பத்திலேயே வர வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

பணம் வாங்கும் சங்கதிக்கு வருவோம். பலரும் மாட்டிக்கொள்வது இதில்தான்.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010. பிரிவு 3-இன்படி பதிவு பெற்ற செய்தித்தாளின் நிருபர், பத்தி எழுத்தாளர், கார்ட்டூனிஸ்ட், ஆசிரியர், உரிமையாளர், அச்சிடுபவர், வெளியிடுபவர் யாரும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. மின்னணு வழியில் ஒலி, ஒளிச் செய்தி தருபவர்களுக்கும் இதே தடைதான். மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை. ஆனால் செய்த வேலைக்கு வரும் ஊதியத்துக்குப் பிரிவு 4 விலக்குத் தருகிறது. வழக்கமான தொழிலில் செய்த சேவைக்கான கட்டணம் நன்கொடைக் கணக்கிலேயே வராது.

ஆக, தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியம். 'கிராண்ட்' என்று தலைப்பிட்ட ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன், சேவை ஒப்பந்தமாகத் தர முடியுமா என்று கேளுங்கள்: இன்ன கட்டுரை, இத்தனை சொல், இன்ன தேதி, இவ்வளவு கட்டணம். இந்தியாவுக்கு அனுப்பிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பிறகு நீங்கள் இன்வாய்ஸ் அனுப்ப வேண்டும். தாளில் மட்டும் சேவை என்று எழுதிவிட்டு வேலை நன்கொடை மாதிரி நடந்தால் காப்பாற்றாது. ஒரு முறை ஆடிட்டரிடம் வரைவைக் காட்டுங்கள்.

பணம் எதற்காக வருகிறது என்று காட்டும் நோக்கக் குறியீட்டை வங்கியில் கேட்பார்கள். அவசரத்தில் பி1302 போட்டுவிடாதீர்கள், அது தனிப்பட்ட அன்பளிப்பு, நன்கொடைக்கானது. சேவைக்குரிய குறியீட்டைப் போடச் சொல்லி, ஒப்பந்தத்தையும் இன்வாய்ஸையும் காட்டுங்கள். பணம் வந்ததற்கான சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

அமெரிக்க அமைப்பு என்றால் டபிள்யூ-8பென் படிவம் (நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று வரித் தேவைக்குச் சொல்வது) வரும். வேலை முழுவதும் அமெரிக்காவுக்கு வெளியே நடப்பதால் அங்கே வரி பிடிக்கத் தேவையில்லை. இங்கே வருமான வரிக் கணக்கில் காட்டியாக வேண்டும்.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று: இனிஷியல். வங்கிக் கணக்கு 'கே. செல்வி', பாஸ்போர்ட் 'செல்வி கருப்பையா', பான் அட்டையில் 'கருப்பையா செல்வி'. ஒப்பந்தத்தில் பாஸ்போர்ட் பெயர் போனால் பணம் நடுவழியில் நின்று திரும்பிவிடும். வங்கிக் கணக்கில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள்.

வத்தை:

தம்பி, பட்ஜெட்டை ரூபாயில் போட்டுட்டுக் கடைசியில டாலருக்கு மாத்துங்க. ஒரு மாதிரி:

நிருபர் ஊதியம் 12 நாள் × 3,500 = 42,000. படக்காரர் 4 நாள் × 4,000 = 16,000. வண்டி 5 நாள் × 3,000 = 15,000. நாட்டுப்படகு 2 தடவை × 4,500 = 9,000. தங்கல், சாப்பாடு 6 நாள் × 1,800 = 10,800. மொழிபெயர்ப்பு 2,500 சொல் × 3 = 7,500. தகவல் உரிமை மனு, நகல் 1,500. வக்கீல் ஒரு தடவை படிச்சுப் பார்க்க 8,000. மொத்தம் 1,09,800. இதுல 5 சதவீதம் எதிர்பாராச் செலவு, 5,490. ஆக 1,15,290.

முதல் வெட்டு ட்ரோன், கேமரா வாங்குற செலவுக்குத்தான் விழும். வாடகைன்னு போடுங்க. உங்க ஊதியத்தைக் கூச்சப்பட்டுக் குறைக்காதீங்க, 12 நாள் வேலைக்கு 10,000 போட்டா 'இவர் செலவு கணக்கே போடலை'ன்னுதான் படிக்கிறவருக்குத் தோணும். பெரும்பாலும் பாதிப் பணம் கட்டுரை வந்த பிறகுதான் வரும், அதனால படகுக்காரருக்கு முன்பணம் எங்கேருந்து வரும்னு யோசிச்சு வச்சுக்கங்க.

வனத்துறை அனுமதி தனி. மன்னார் வளைகுடாவுல இருக்கிற 21 தீவும் கடல் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாம இறங்கினா வழக்கு. மனு போட்டா எப்ப வரும்னு சொல்ல முடியாது. அதனால தீவுக் காட்சி இல்லாமலே கட்டுரை நிக்கிற மாதிரி திட்டம் போடுங்க.

பறிமுதல் விவரத்துக்கு 10 ரூபாய் கட்டணத்துல தகவல் உரிமை மனு. பதிலுக்கு 30 நாள். விசாரணை நடக்குதுன்னு பிரிவு 8-ஐக் காட்டி மறுப்பாங்க. அதனால வழக்கு விவரம் கேக்காம வருஷவாரியா எத்தனை பறிமுதல், எத்தனை கிலோ, பச்சையா காய்ஞ்சதான்னு மட்டும் கேளுங்க. அந்தக் கடைசிக் கேள்விதான் உயிர். அட்டையை அவிச்சுக் காய வச்சா எடை பத்துல ஒரு பங்குக்கும் கீழ இறங்கிடும். பத்திரிகைக் குறிப்புல 'நூறு கிலோ'ன்னு மட்டும் இருக்கும். ரெண்டையும் ஒண்ணாக் கூட்டி 'கடத்தல் குறைஞ்சது'ன்னு எழுதினா முழுக் கட்டுரையும் தப்பு.

வேதாளை வாடை:

மிக்க நன்றி. இலங்கையின் மன்னாரில் உள்ள ஒரு செய்தியாளருடன் சேர்ந்து செய்தால் அவர் பங்கை என் கணக்கில் வாங்கி நான் அனுப்பலாமா?

கணக்குப்பிள்ளை:

வேண்டாம். நிதியாளரிடம் இரண்டு தனி ஒப்பந்தம், இரண்டு தனி வங்கிக் கணக்கு கேளுங்கள். வெளிநாட்டு நன்கொடையை இன்னொருவருக்கு மாற்றுவதை 2020 திருத்தம் தடுத்துவிட்டது. உங்களுடையது கட்டணம்தான் என்றாலும், வந்த பணத்தில் பாதி உடனே இலங்கைக்குப் போனால் வங்கி கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி மாளாது.

நெய்தல் மணி:

அப்படியே ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் கேட்டு வாங்குங்கள்: வெளியாகும் முன் நிதியாளர் கட்டுரையைப் பார்க்கவோ திருத்தவோ கூடாது. குறிப்பாகப் பணம் தருவது இயற்கைப் பாதுகாப்பு அமைப்பாக இருந்தால். தடையால் பிழைப்பை இழந்த முங்குகாரர் (கடலில் முங்கி அட்டை எடுத்தவர்) பேசுவதை அவர்கள் விரும்பாமல் போகலாம். அந்த முங்குகாரரின் பெயர், படகு எண், முகம் எதுவும் நிதியாளருக்கு அனுப்பும் செலவுக் கணக்கிலும் போகக் கூடாது. படகு ரசீதில் பதிவு எண்ணை மறைத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள்.