விஸ்டார் எலிக்கு ஒரே ஊசி போட்டால் டைப் 2 ஆகிவிடுமா?

எலிக்கூண்டு:
எம்.பார்ம் இரண்டாம் ஆண்டு, மருந்தியல். ஆவாரம்பூச் சாறு டைப் 2 சர்க்கரை நோயைத் தடுக்குமா என்று எலியில் பார்க்க வேண்டும். சீனியர்களின் தீசிஸ் எல்லாவற்றிலும் ஒரே கதைதான்: ஆண் விஸ்டார் எலி (ஆய்வகத்தில் வளர்க்கும் வெள்ளை எலி வகை), உடல் எடையில் கிலோவுக்கு 60 மி.கி. ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்து, ஒரே ஊசி. மூன்றாம் நாள் சர்க்கரை எகிறிவிடும். தலைப்பில் ‘டைப் 2’ என்று போட்டிருக்கிறார்கள். எத்திக்ஸ் கமிட்டிக்கு நானும் இதையே எழுதிக் கொடுக்கலாமா? மரபணுக் கோளாறால் தானாகவே சர்க்கரை நோய் வரும் டிபி/டிபி சுண்டெலி வாங்கக் காசில்லை.

கணையக்காரி:
எழுதாதீங்க தம்பி. அந்த அளவு மருந்து, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைக் கொன்றுவிடும். அதற்கப்புறம் உங்களிடம் இருப்பது இன்சுலின் வற்றிப்போன எலி, டைப் 1-க்குப் பக்கத்து வீடு. டைப் 2-இல் தொடக்கத்தில் இன்சுலின் ஏராளமாகச் சுரக்கும்; உடம்புதான் அதற்கு மசியாது. கணையம் களைத்துப்போவது பின்னால்.

கொழுப்புத் தீவனம் மட்டும் கொடுத்தாலும் விஸ்டார் எலி லேசில் சர்க்கரை நோயாளி ஆகாது. கொழுக்கும், இன்சுலின் ஏறும், அதை வைத்தே சமாளித்துவிடும். அதனால் 2005இல் மொகாலி நைப்பர் (மருந்தியல் ஆராய்ச்சி நிறுவனம்) குழு வெளியிட்ட முறையைப் பாருங்கள். கலோரியில் 58 சதவீதம் கொழுப்புள்ள தீவனம் இரண்டு வாரம், பிறகு கிலோவுக்கு 35 மி.கி. ஸ்ட்ரெப்டோசோடோசின். இதில் எனக்குப் பிடித்தது ஒப்பிட்டுப் பார்க்க வைத்த ஒரு கண்ட்ரோல் குழு: சாதாரணத் தீவனம் தின்ற எலிக்கும் அதே 35 மி.கி. போட்டார்கள், அதற்குச் சர்க்கரை எகிறவில்லை. ஊசி மட்டும் காரணமில்லை என்று காட்டுவது அந்தக் குழுதான். நம் ஊர்த் தீசிஸ்களில் எலி மிச்சம் பிடிக்க முதலில் வெட்டுவதும் அதைத்தான்!

ஊசிக்கு முந்தைய நாள் இன்சுலின் அளந்து வையுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் இன்சுலின் எதிர்ப்பு (உடம்பு இன்சுலினுக்கு மசியாத நிலை) வந்தது என்று எதைக் காட்டுவீர்கள்?

சிட்ரேட்4.5:
அக்கா சொன்னது சரி. மருந்தைக் குளிர்ந்த சிட்ரேட் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் கரைசல்), பிஎச் 4.5இல், போடும்போதுதான் கரைக்க வேண்டும். காலையில் கரைத்து மதியம் போட்டால் பாதி எலிக்கு ஒன்றுமே ஆகாது. அப்புறம் பழி எலி மேல் விழும்.

கொழுப்பே வேண்டாம் என்றால் ஜிகே எலி இருக்கிறது. ஜப்பானின் செண்டாயில் கோட்டோவும் காகிசாகியும் விஸ்டார் எலிகளில் குளுக்கோஸ் தாங்காதவற்றையே தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து உருவாக்கியது. ஒல்லியாகவே இருந்து சர்க்கரை வரும். நம் ஊரில் ஒல்லியான சர்க்கரைக்காரர்கள் எத்தனை பேர்! ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாது.

எலிக்கூண்டு:
நன்றி அக்கா, அண்ணா. சாற்றைத் தீவனத்தோடு முதல் நாளே தொடங்கிவிடட்டுமா? ‘தடுக்கும்’ என்றுதானே தலைப்பு?

கணையக்காரி:
அங்கேதான் சிக்கல். சாறு உடம்பில் இருக்கும்போதே ஸ்ட்ரெப்டோசோடோசின் போட்டால், சாறு அந்த நஞ்சிலிருந்து பீட்டா செல்லைக் காப்பாற்றியிருக்கலாம். அது நோயைத் தடுத்ததாகாது. தடுப்புதான் வேண்டுமென்றால் ஊசியே இல்லாமல், தீவனக் காலத்தை நீட்டி, இன்சுலின் எதிர்ப்பு குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். ஊசி வேண்டுமென்றால் சர்க்கரை ஏறி நிலைத்த பிறகு சாற்றைத் தொடங்கி, தலைப்பில் ‘தடுக்கும்’ என்பதை எடுத்துவிடுங்கள். கைடு முறைப்பார். வைவாவில் மாட்டுவதற்கு இது மேல்.