ஃபேட் பாதியில் சுவரே மங்கி எழுகிறது (ஓபிஎஸ், எல்இடி சுவர்)

தொண்ணூறடி ரோடு (தாராவி, மும்பை):

வணக்கம். கல்யாண மண்டபங்களுக்கு எல்இடி சுவர் வாடகைக்கு விடுகிறேன். பி3 பேனல் (பிக்சலுக்கு 3 மில்லிமீட்டர்), 6 கேபினட் (சேர்த்து அடுக்கும் திரைப் பெட்டி) அகலம், 4 உயரம். ஒரு கேபினட் 192க்கு 192 பிக்சல், ஆக மொத்தம் 1152க்கு 768. படங்களை அடுக்கிச் சுவருக்கு அனுப்பும் மென்பொருள் ஓபிஎஸ்தான், இலவசம். காசு கொடுத்து வேறு வாங்க இப்போதைக்கு வழியில்லை.

போன ஞாயிறு மாட்டுங்காவில் ஒரு வரவேற்பு. இரண்டு படம்: ஒன்றில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிறார்கள், இன்னொன்றில் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னணி இரண்டிலும் ஒன்றே, நடுவில் அரக்குச் சிவப்பு, ஓரம் போகப்போகக் கருப்பு. பெயர்களும் அதே இடத்தில். ஒன்று கரைய மற்றது எழ வேண்டும், அவ்வளவுதான். ஒரே சீனில் (சேர்ந்து திரைக்குப் போகும் படங்களின் தொகுப்பு) இரண்டையும் வைத்து, ஒன்றுக்கு ஹைட் டிரான்சிஷனில் (படம் மறையும் விதம்) ஃபேட், அதாவது மெல்லக் கரைவது, மற்றதற்கு ஷோ டிரான்சிஷனில் (படம் தோன்றும் விதம்) ஃபேட் கொடுத்தேன். 300 மில்லிசெகண்ட், தானாக வந்ததை மாற்றவில்லை.

படம் மாறும்போதெல்லாம் மொத்தச் சுவரும் ஒரு கணம் மங்கி எழுகிறது. லேப்டாப்பில் இது கண்ணில் படவேயில்லை. மண்டபத்தில் பெண்ணின் பெரியப்பா நேராக என்னிடம் வந்து, "தம்பி, வோல்டேஜ் ஏறி இறங்குதா? ஜெனரேட்டர் போடச் சொல்லட்டுமா?" என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டேன். மண்டப எலக்ட்ரீஷியன் அதற்கப்புறம் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

இன்னொரு தொந்தரவு: சிவப்பு கருப்பாகும் பகுதியில் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி வளையம் வளையமாகத் தெரிகிறது. ஒவ்வொன்றும் விரல் அகலம். வெள்ளிக்கிழமை அதே மண்டபத்தில் இன்னொரு வேலை. யாராவது வழி சொல்லுங்கள்.

சவுண்டு சரவணன்:

பேனல் ரிஃப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுசாக் காட்டுதுங்கிறது) கம்மியா இருக்கும். 3840 ஹெர்ட்ஸ் பேனலா பார்த்து மாத்துங்க.

தொண்ணூறடி ரோடு:

அண்ணே, அது போன் கேமராவில் கோடு ஓடினால். இது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. பேனல் மாற்றுகிற நிலைமையில் நான் இல்லை.

அல்சூர்க்காரன் (பெங்களூரு):

பேனலில் ஒன்றுமில்லை நண்பரே, கணக்கில்தான் இடிக்கிறது. இரண்டு படமும் ஒரே நேரத்தில் ஃபேட் ஆகின்றன. சரியாகப் பாதியில் நிறுத்திப் பார்ப்போம். கீழ்ப்படம், அதாவது அடுக்கில் பின்னால் இருப்பது, 50 சதவீதம். அதற்குப் பின்னால் இருப்பது வெறும் கேன்வாஸ் (ஓபிஎஸ்ஸில் படங்களை வைக்கும் தளம்), அதாவது கருப்பு. மேல்படமும் 50. தன் பங்குக்கு 50 வெளிச்சம் தருகிறது, கீழே இருப்பதில் பாதியைத்தான் வெளியே விடுகிறது. கீழே இருப்பதோ ஏற்கெனவே பாதி, அதில் பாதி 25. கூட்டினால் 75. மீதிக் கால் பங்கு கருப்பு. பெரியப்பா பார்த்த வோல்டேஜ் அதுதான்!

கீழ்ப்படத்தைத் தொடாதீர்கள், அது எப்போதும் முழுசாக இருக்கட்டும். மேல்படத்துக்கு மட்டும் ஷோ, ஹைட் இரண்டிலும் ஃபேட் கொடுங்கள். ஆனால் மேல்படம் திரை முழுக்க மூடினால்தான் இது சரிவரும். ஓரம் வெட்டி எடுத்த பிஎன்ஜி (ஆட்களைச் சுற்றி வெறுமையாக, பின்னால் இருப்பது தெரியும் படம்) என்றால் பின்னால் நிற்பவர்கள் ஊஞ்சலுக்கு மேலே தலை நீட்டுவார்கள். அப்படியானால் இரண்டு சீனாகப் பிரித்து, சீன் டிரான்சிஷனில் (ஒரு சீனிலிருந்து அடுத்ததற்கு மாறும் விதம்) ஃபேட் வையுங்கள். அங்கே ஒன்று 70 என்றால் மற்றது 30, எந்த நேரத்திலும் கூட்டினால் 100. பொதுவான பின்னணியும் பெயர்களும் அசையவே அசையாது.

சந்தேகமாக இருந்தால் இரண்டு இடத்திலும் வெறும் வெள்ளைப் படம் வைத்து மாற்றிப் பாருங்கள். நடுவில் சாம்பல் தட்டினால் கணக்கு இன்னும் தப்பு. இங்கே ஒரு நகைக்கடைக்கு டிவியில் ஓடும் பக்கத்தை ஹெச்டிஎம்எல்லில் செய்தபோது நானும் இதே குழியில் விழுந்தேன். தங்கம் ஐந்து வினாடிக்கு ஒருமுறை பித்தளையாகிக்கொண்டிருந்தது.

அப்புறம் அந்த 300. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் அது 9 ஃபிரேம்தான். 1200 வையுங்கள், 36 கிடைக்கும்.

எடிட்டர் மாமி (முலுண்ட்):

வளையத்துக்கு நான் சொல்கிறேன் தம்பி. நடுவிலிருந்து ஓரம்வரை 576 பிக்சல். அரக்கில் சிவப்பின் அளவு 255க்கு 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். 90லிருந்து 0 வரை இறங்க 90 படிதான் இருக்கிறது. ஒரு படி ஆறு பிக்சலுக்குக் கொஞ்சம் மேல். பி3 என்றால் பிக்சலுக்கு 3 மில்லிமீட்டர், ஆக கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர். விரல் அகலம் என்றீர்களே, கணக்கு ஒத்துப்போகிறது. லேப்டாப்பில் இதே படி ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும், எப்படித் தெரியும்?

போட்டோஷாப்பில் கிரேடியன்ட் (ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறுவது) போடும்போது டிதர் (படிகள் சேரும் இடத்தில் புள்ளிகளைக் கலந்துவிடுவது) பெட்டியை டிக் செய்யுங்கள். அதன் மேல் 1 அல்லது 2 சதவீதம் நாய்ஸ், அதாவது தூவிவிட்ட பொடிப் புள்ளிகள். கோலத்தில் இரண்டு கலர்ப்பொடி சேரும் இடத்தை விரலால் லேசாகக் கலைத்துவிடுவோமே, அதே வேலை. பிஎன்ஜியாகச் சேமியுங்கள், ஜேபெக் அந்த நாய்ஸைத் தின்றுவிடும். படமும் ஓபிஎஸ் கேன்வாஸும் 1152க்கு 768 என்றே இருக்கட்டும். பெரிதாகச் செய்து சுருக்கினால் தூவினதெல்லாம் வீண்.

சுவரின் பிரைட்னஸ் எத்தனை?

தொண்ணூறடி ரோடு:

25 சதவீதம், மேடம். மண்டபத்துக்குள் அதற்கு மேல் வைத்தால் கண் கூசுகிறது.

நேற்று ராத்திரி குடோனில் இரண்டு கேபினட்டை மட்டும் மாட்டிப் பார்த்தேன். வெள்ளைப் படம் பழைய செட்டிங்கில் அப்பட்டமாகச் சாம்பல் தட்டியது, இரண்டு சீனாக்கினதும் அசையவில்லை. 1200 நன்றாக இருக்கிறது. நாய்ஸ் 2 வைத்தேன். கிட்டே போனால் மணல் மாதிரி, பத்தடி தள்ளி வழுவழு. கடைசி ஓரத்தில் மட்டும் ஒரு வளையம் போகமாட்டேன் என்கிறது.

எடிட்டர் மாமி:

25இல் அப்படித்தான். பிரைட்னஸைக் குறைத்தால் அடிமட்டத்து இருட்டுப் படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பேனல் அவற்றைப் பிரித்துக் காட்டாது. ஓரத்தை 0க்கு இறக்காமல் 20இல் நிறுத்துங்கள். கருப்பு வேண்டாம், அடர் அரக்கே அழகு.

தொண்ணூறடி ரோடு:

20 வைத்தேன், போயே போய்விட்டது. ரொம்ப நன்றி மேடம், அல்சூர் அண்ணனுக்கும். வெள்ளிக்கிழமை முதல் வேலை அந்த எலக்ட்ரீஷியனுக்கு ஒரு டீ.