விபத்துக்குப் பிறகு உடல்வழி மனச்சிகிச்சை: தொடங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

கரிசல்:

தங்கைக்காகக் கேட்கிறேன். வயது 29, மதுரையில் இருக்கிறாள். ஏழு மாதம் முன்னால் ஸ்கூட்டியில் போகும்போது பின்னாலிருந்து வேன் இடித்துவிட்டது. காறை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள், எலும்பு கூடிவிட்டது. ஆனால் பின்பக்கம் ஹாரன் கேட்டாலே தோள் இறுகி, கை சில்லிட்டு, நடுரோட்டில் அப்படியே நின்றுவிடுகிறாள். தூக்கமும் சரியில்லை. மனநல மருத்துவர் பதற்றத்துக்கு எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., இரவுக்குத் தூக்கம் வர குளோனாசிபாம் 0.25 மி.கி. மாத்திரைகள் எழுதியிருக்கிறார். கவுன்சலிங் போனாள், நடந்ததைச் சொல்லச் சொன்னதுமே நெஞ்சு அடைக்கிறது என்று நிறுத்திவிட்டாள்.

இப்போது 'சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்' என்று, உடம்பில் எழும் உணர்வுகளைக் கவனித்து அதிர்ச்சியை ஆற்றும் சிகிச்சை செய்கிற ஒருவரைச் சொல்கிறார்கள். அவர் இருப்பது சென்னையில். பாதி நேரில், பாதி ஆன்லைன். எதை வைத்து ஆளை எடைபோடுவது? தொட்டுச் செய்வார்களாமே, அது எந்த அளவுக்கு? எத்தனை அமர்வு ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாழை:

முதலில் மருத்துவப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை மூன்றும் தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் வரும். ரத்தசோகையில் படபடப்பு வரும். டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், ஒரு ஈ.சி.ஜி. இதுவரை எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பின்னாலிருந்து இடித்த விபத்து என்பதால் கழுத்தையும் கவனிக்க வேண்டும். கை மரத்துப்போவது, பிடி தளர்வது, தலையைத் திருப்பினால் சுற்றுவது, இதில் எது இருந்தாலும் எலும்பு மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ காட்டிய பிறகுதான் மற்றது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், உடலையே கவனிக்கும் சிகிச்சையில் நரம்பு அழுந்தி வரும் மரப்பையும் 'அதிர்ச்சி உடம்பில் தங்கியிருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டிவிட முடியும்.

அடுத்தது தகுதி. இங்கே இரண்டு கேள்வி இருக்கிறது, இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். அடிப்படைத் தொழில் என்ன? இந்த முறையில் பயிற்சி எவ்வளவு? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அமைப்பு அது. எண்ணை அவர்கள் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் என்பது பீட்டர் லெவின் உருவாக்கிய முறை. பயிற்சி சுமார் மூன்று ஆண்டு: தொடக்கநிலை, இடைநிலை, மேல்நிலை. அந்தச் சான்றிதழ் நல்ல விஷயம்தான், ஆனால் அது மனநலச் சிகிச்சைக்கான உரிமம் ஆகாது. யோகா ஆசிரியர், பிசியோதெரபிஸ்ட் கூட அந்தப் பயிற்சியில் சேருவார்கள். உங்கள் தங்கை மருந்து எடுக்கிறார், தூக்கம் கெட்டிருக்கிறது. அடிப்படையில் மனநலப் படிப்பு உள்ளவரிடம் போவதே சரி. இப்போது எந்த நிலையில் படிக்கிறார், மேற்பார்வை யாரிடம் பெறுகிறார், மனநல மருத்துவரோடு பேசுவாரா என்று போனிலேயே கேட்டுவிடலாம். நேர்மையானவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்.

அமர்வு வாரம் ஒன்று, 50 முதல் 60 நிமிடம். முதல் இரண்டு மூன்று அமர்வுகளில் விபத்துக்குள் போகவே கூடாது. உடம்பில் ஓரளவு நிம்மதியாக இருக்கும் ஓர் இடத்தைத் தேடுவதுதான் அப்போது வேலை. பலருக்கு அது பாதம், அல்லது நாற்காலியில் படியும் தொடை. அந்த இடத்துக்குத் திரும்பி வரத் தெரிந்த பிறகு விபத்தின் சிறு துணுக்கு ஒன்றைத் தொடுவார்கள். அதுவும் இடித்த கணத்தை அல்ல. சாவியை எடுத்துக் கிளம்பியது, அல்லது யாரோ தண்ணீர் கொடுத்தது. சில விநாடி அதில் இருந்துவிட்டு மறுபடி பாதத்துக்கு. இப்படிப் போய்ப் போய் வருவதுதான் சிகிச்சையே.

கவுன்சலிங்கில் அவருக்கு நெஞ்சு அடைத்தது ஏன் என்பதும் இதில் இருக்கிறது. திரும்பி வர இடம் காட்டாமல் நேராகக் கதையைக் கேட்டிருக்கிறார்கள். புதியவரும் முதல் நாளே "ஆரம்பத்திலிருந்து சொல்லுங்க" என்றால் முறையின் பெயர் என்னவாக இருந்தாலும் அதே அடைப்புதான் வரும்.

நடுவில் கொட்டாவி, வயிறு கடகடவென்று சத்தம், உள்ளங்கையில் சூடு, லேசான உதறல், நீண்ட பெருமூச்சு வரலாம். வந்தால் வரட்டும். வரவழைக்க முயலக் கூடாது. கண் ஒரே இடத்தில் நிலைகுத்தி, குரல் தட்டையாகி, "எங்கேயோ தூரத்தில் இருக்கிற மாதிரி" என்றால் அது தளர்வு அல்ல, உறைந்துபோவது. உடனே நிறுத்தி, கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் இருக்கிற ஐந்து பொருளின் பெயரைச் சொல்ல வைக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் மேலே போகிறவர் வேகம் தெரியாதவர்.

மருதம்:

தாழை சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஆதாரத்தையும் சொல்லிவிட வேண்டும், பணமும் நேரமும் போடப் போகிறீர்கள். சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்குக்கு ஆய்வுகள் உண்டு, ஆனால் குறைவு. 2017இல் வந்த ஓர் ஆய்வில் 63 பேர், வாரம் ஒன்றாக 15 அமர்வு. சிகிச்சை எடுத்தவர்களுக்குக் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட நல்ல முன்னேற்றம். சும்மா காத்திருந்தவர்களோடுதான் ஒப்பீடு, வேறொரு சிகிச்சையோடு அல்ல என்பதைக் கவனியுங்கள்.

வலுவான ஆதாரம் இருப்பவை இரண்டு: அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிந்தனை–நடத்தைச் சிகிச்சை (சி.பி.டி. வகை), இன்னொன்று கண் அசைவை வைத்துச் செய்யும் இ.எம்.டி.ஆர். இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் 2018 வழிகாட்டுதல் இவற்றுக்கு வழக்கமாக 8 முதல் 12 அமர்வு என்கிறது. இ.எம்.டி.ஆரில் நடந்ததை நீளமாக விவரிக்க வேண்டியதில்லை. நினைவை மனதில் வைத்துக்கொண்டு சிகிச்சையாளரின் விரலைக் கண்ணால் தொடர்வது அதன் மையம். அதிலும் முதலில் நிலைப்படுத்தும் கட்டம் உண்டு. சொல்லத் தொடங்கினாலே அடைக்கிறது என்பவருக்கு அது ஒத்துவரலாம். ஒரே ஒரு விபத்து, அதற்கு முன் பெரிய மனநலச் சிக்கல் இல்லை என்றால் நான் முதலில் அதைத்தான் விசாரிப்பேன். மதுரையிலேயே கிடைக்கிறதா என்று அவருடைய மனநல மருத்துவரிடம் கேளுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் முடிவுக்கு ஒரு தேதி வையுங்கள். ஆறாவது அமர்வில் உட்கார்ந்து, தூக்கம் எத்தனை மணி நேரம், வாரத்தில் எத்தனை நாள் ரோட்டைக் கடந்தார், ஹாரன் கேட்டபின் சமநிலைக்கு வர எத்தனை நிமிடம் என்று முதல் வாரக் குறிப்போடு ஒப்பிடுங்கள். எதுவுமே அசையவில்லை என்றால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். "இன்னும் ஆழமாகப் போகணும்" என்ற பதிலை மட்டும் கேட்டுக்கொண்டு ஒரு வருடம் போகக் கூடாது.

வைகறை:

தொடுதல், மூச்சு இரண்டைப் பற்றி மட்டும்.

தொடுதல் இல்லாமலே இந்தச் சிகிச்சையை முழுமையாகச் செய்யலாம். வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் ஒன்றும் குறையாது. செய்வதாக இருந்தால் எந்த இடம், எதற்காக, எவ்வளவு நேரம் என்று முன்னதாக எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அதன் பிறகும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். உடைக்கு மேல்தான். வழக்கமாகத் தோள், முதுகின் கீழ்ப்பகுதி, கணுக்கால். மார்பு, இடுப்புக்குக் கீழே அந்தரங்கப் பகுதி என்றால் எந்த விளக்கமும் ஏற்கத்தக்கதல்ல, எழுந்து வந்துவிடலாம். உறைந்துபோகும் இயல்பு உள்ளவருக்கு அந்த நேரத்தில் 'வேண்டாம்' என்ற சொல் வாயில் வராது என்பதை மறக்க வேண்டாம். அதனால் கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்பதுபோல ஒரு சைகையை முன்பே பேசி வைத்து, ஒன்றுமே இல்லாத நேரத்தில் இரண்டு தடவை அதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பெண் துணை ஒருவர் அறையிலோ வெளியிலோ இருக்கலாமா என்று கேட்பதும் உரிமைதான். காறை எலும்பில் பிளேட் இருப்பதைச் சொல்லுங்கள், அந்தப் பக்கத் தோளில் அழுத்தம் கூடாது. கழுத்து திரும்பாவிட்டால், இந்தச் சிகிச்சையில் வரும் அறையைச் சுற்றிப் பார்க்கும் பயிற்சியைக் கண்ணாலும் இடுப்பைத் திருப்பியும் செய்யலாம்.

மூச்சில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. வேகமாகவும் ஆழமாகவும் தொடர்ந்து இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அப்போது உதடும் விரலும் குறுகுறுக்கும், தலை சுற்றும், விரல்கள் மடங்கி இறுகும். சிலர் இதையே 'அடக்கி வைத்தது வெளியே வருகிறது' என்பார்கள். அது வேதியியல், வேறொன்றும் இல்லை. பீதி ஏற்கெனவே இருப்பவருக்கு இது பீதியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். வலிப்பு, இதய நோய், கண் நீரழுத்தம் (கிளாக்கோமா), கர்ப்பம், இருமுனைக் கோளாறு (பைபோலார்) இருந்தால் இந்த வகை மூச்சுப் பக்கமே போகக் கூடாது. உங்கள் தங்கைக்குப் போதுமானது நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே, இரண்டு நிமிடம். மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறது என்றால் அதையும் விட்டுவிட்டுப் பாதத்தைக் கவனித்தால் போதும்.

கரிசல்:

மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். இதைத் தொடங்கினால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று அம்மா சொல்கிறார்கள். அப்புறம், ஆன்லைன் அமர்வு நடந்தால் வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம், தனி அறை கிடையாது. எப்படிச் சமாளிப்பது?

தாழை:

மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தொடர்ந்து எடுத்துவந்த குளோனாசிபாமைச் சட்டென்று விட்டால் தூக்கம் அடியோடு போகும், நடுக்கம் கூடும், சிலருக்கு வலிப்பே வரும். குறைப்பது மருத்துவர் சொல்லும் அளவில், படிப்படியாகத்தான். புது மாத்திரையோ அளவு மாற்றமோ வந்தால் அதே வாரத்தில் சிகிச்சையைத் தொடங்க வேண்டாம். எது எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. படபடப்புக்குப் பிரோப்ரனலால் எழுதியிருந்தால் சிகிச்சையாளரிடம் சொல்ல வேண்டும். இதயத் துடிப்பு அதில் அடங்கிக் கிடக்கும், அதை வைத்து 'அமைதியாக இருக்கிறார்' என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது.

முதல் மூன்று நான்கு அமர்வையாவது நேரில் வைத்துக்கொள்ளுங்கள். உறைவது திரையில் சட்டென்று தெரியாது. ஆன்லைன் என்றால் போனைக் கையில் பிடிக்காமல் ஐந்தாறு அடி தள்ளி நிறுத்தி, தலையிலிருந்து முழங்கால் வரை தெரிய வையுங்கள். இயர்போன் கட்டாயம். இருக்குமிடத்தின் முகவரி, பக்கத்திலிருக்கும் ஒருவரின் எண் இரண்டும் சிகிச்சையாளரிடம் இருக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். தனி அறை இல்லாவிட்டால் வீட்டில் ஆள் குறைவாக இருக்கும் நேரத்தைக் கேட்டு வாங்கலாம், அல்லது தெரிந்தவர் வீட்டில் ஓர் அறை. கதவுக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள் என்ற எண்ணம் இருந்தால் உடம்பு தளரவே தளராது. மொட்டைமாடி, நிறுத்திய கார் இரண்டும் வேண்டாம். ஹாரன் சத்தம் வரும் இடத்தில் ஆரம்ப அமர்வுகள் கூடவே கூடாது.

அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் போகக் கூடாது, பட்டினியாகவும் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு முன் காப்பி, டீயை நிறுத்திவிடலாம். காப்பியால் வரும் படபடப்பைப் பயம் என்று எண்ணத் தோன்றும். தளர்வான சுடிதார் போதும். முடிந்ததும் 20 நிமிடமாவது அங்கேயே உட்காரட்டும். வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டாம், நீங்கள் கூட்டிவாருங்கள் அல்லது ஆட்டோவில் வரட்டும். அடுத்த ஒன்றிரண்டு நாள் அசதி, தசைவலி, கனவுகள் சகஜம். மூன்று இரவு தொடர்ந்து தூக்கம் இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் அளவு மீறிவிட்டது. அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காமல் அழைத்துச் சொல்லி வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். உயிரை விடும் எண்ணம் எட்டிப் பார்த்தால் உடனே மருத்துவர், அவர் கிடைக்காவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். இலவசம், தமிழில் பேசலாம்.

நெய்தல்:

யாரும் சொல்லாத ஒன்று. விபத்து இழப்பீட்டு வழக்கு நடக்கிறதா? நடந்தால் மனநல மருத்துவரின் நோயறிதல் சீட்டு, சிகிச்சை ரசீது எல்லாவற்றையும் தேதிவாரியாக எடுத்து வையுங்கள், வக்கீலிடம் காட்டுங்கள். சாட்சி சொல்லும் வாரத்தில் விபத்து நினைவைத் தொடும் அமர்வு வேண்டாம் என்று சிகிச்சையாளரிடம் சொல்லிவிடுங்கள். அவர் குறிப்புகளை எங்கே வைக்கிறார், அமர்வைப் பதிவு செய்கிறாரா, நீதிமன்றம் கேட்டால் என்ன செய்வார் என்பதையும் கேட்டு வையுங்கள். மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைக்கும் கடமை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிறது. அதே சட்டம் உடல் நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் வெளிநோயாளிச் செலவைத் தருவதில்லை, அதனால் கையிலிருந்து போகும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். ரத்து செய்தால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும், கட்டணம் குறைக்க வழி உண்டா என்றும் கேளுங்கள். மொத்தமாக 10, 20 அமர்வுக்கு முன்பணம் கேட்டால் தராதீர்கள்.