சேர்வராயன் மலையில் ஜி.பி.எஸ். கருவி: வாங்கியவர்களும் வழி தவறியவர்களும்

அஸ்தம்பட்டி ஆசிரியர்

மார்கழி முடியப்போகும் சமயம். 2025 ஜனவரி 11, சனிக்கிழமை. பள்ளியில் உடன் பணியாற்றும் மூவரோடு நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்துக்குள் நடக்கப் போனேன். மேஸ்திரியிடம் சொல்லி அனுமதி வாங்கித்தான் உள்ளே சென்றோம். பத்து மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. காபிச் செடிகளுக்கு மேலே வரிசை வரிசையாகச் சில்வர் ஓக் மரங்கள். எந்த வரிசையைப் பார்த்தாலும் சற்று முன் கடந்து வந்த வரிசை போலவே இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இன்னொருவரிடமிருந்து பழையதாக வாங்கிய கைக்கடக்கமான ஜி.பி.எஸ். கருவி ஒன்று என்னிடம் உண்டு. அதை நம்பித்தான் முன்னால் நடந்தேன். பேட்டரி பாதி இருப்பதாகத் திரை காட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று அணைந்துவிட்டது. கைவசம் வைத்திருந்த இன்னொரு ஜோடியைப் போட்டேன். அது நாற்பது நிமிடம்கூடத் தாங்கவில்லை. நாய் குரைத்த திசையில் இறங்கி, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளை அடைந்தோம். பழம் பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா தன் வேலையை விட்டுவிட்டுத் தார்ச்சாலை வரை கூடவே வந்தார். உடன் வந்தவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அன்றைக்கு என் வயிற்றில் ஏறிய பயம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பதிவான தடத்தைக் கணினியில் ஏற்றினால் அதில் 2005 மே மாதத் தேதி இருக்கிறது. இதைப் பழுது பார்ப்பதா, இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் புதிதாக ஒன்று வாங்குவதா? மலையில் இந்தக் கருவிகளோடு பழகியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நில அளவையர், சூரமங்கலம்

ஆசிரியர் தம்பிக்கு: கருவியைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள்.

முதலில் பேட்டரி. நீங்கள் போட்டது சார்ஜ் ஏற்றிப் பயன்படுத்தும் நிக்கல் வகையாக இருக்க வேண்டும். சாதாரண அல்கலைன் பேட்டரி புதிதாக இருக்கும்போது 1.5 வோல்ட், பயன்படுத்தப் பயன்படுத்தச் சீராக இறங்கிக்கொண்டே வரும். நிக்கல் வகை 1.2 வோல்ட்டில் நெடுநேரம் அசையாமல் நின்று, கடைசியில் கிணற்றில் விழுந்த வாளிபோல் இறங்கும். கருவியின் அமைப்பில் பேட்டரி வகை ‘அல்கலைன்’ என்று இருந்தால், அது 1.2 வோல்ட்டைப் பார்த்துப் ‘பாதி இருக்கிறது’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். அமைப்பில் பேட்டரி வகையை மாற்றுங்கள். அளவு ஓரளவுக்கு உண்மை பேசும்.

இரண்டாவது ஜோடி ஏன் கைவிட்டது? மாதக்கணக்கில் பையில் கிடந்திருக்கும். பழைய வகை நிக்கல் பேட்டரி சும்மா இருந்தாலே சார்ஜ் வடிந்துவிடும். எனிலூப் போன்று மெதுவாக வடியும் வகை வந்துவிட்டது, அதை வாங்குங்கள். நான்கு வாங்கி, இரண்டிரண்டாக ஜோடி எழுதி ஒட்டிவிடுங்கள். புதியதையும் பழையதையும் கலந்து போடுவது பெரிய தப்பு. பேட்டரி அறையின் சுருள்கம்பியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அல்கலைன் கசிந்திருந்தால் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட வேண்டும்.

மூன்றாவது, தேதி. இது கோளாறு அன்று, கணக்கு. ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வாரத்தின் எண் 1,023 வரைதான் ஓடும். அடுத்த வாரம் மீண்டும் பூஜ்யம். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படிப் பூஜ்யமானது. அதைச் சரிசெய்யும் மென்பொருள் ஏறாத பழைய கருவிகள் 1,024 வாரம் பின்னால் நிற்கின்றன. உங்கள் ஜனவரி 11-லிருந்து 1,024 வாரம் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், 2005 மே 28 வரும். இடம் காட்டுவதில் இதனால் பிழை வராது.

பணிக்காலத்தில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ஏற்காடு இருப்பது இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத்தில் 58 ஐ/1 என்ற தாள். அதிலிருந்து ஒரு கிணற்றின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் படித்துக் கருவியில் ஏற்றிக்கொண்டு போனேன். கருவி ‘வந்துவிட்டாய்’ என்ற இடத்தில் கிணறும் இல்லை, கிணற்றின் சுவடும் இல்லை. முட்புதர் மூடிய ஓடைதான் இருந்தது. நண்பகல் வரை அந்தப் புதரை வெட்டிப் பார்த்தோம். அந்தத் தாள்கள் பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்காகிய எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை, ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ்.84 என்ற வேறு கணக்கு. நம் பகுதியில் இரண்டுக்கும் நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் உண்டு. சமவெளியில் அது ஒரு வயல். மலையில் அது ஒரு பள்ளத்தாக்கின் இந்தக் கரையும் அந்தக் கரையும். பழைய தாளைப் பார்த்து நடப்பவர்கள் கருவியின் அமைப்பில் ‘மேப் டேட்டம்’ என்பதைத் தாளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும், வேலை முடிந்ததும் மறக்காமல் திருப்பிவிடவும் வேண்டும். 2005-ஆம் ஆண்டு வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொதுப் பயன்பாட்டுத் தாள்களில் இந்தத் தொல்லை இல்லை.

உலகை எண்ணிட்ட மண்டலங்களாகப் பிரித்து மீட்டர் கணக்கில் இடம் சொல்லும் யு.டி.எம். கட்டமைப்பில் இடம் குறிப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று. 78 டிகிரி தீர்க்கரேகை நம் மாவட்டத்தின் ஊடாகப் போகிறது. சேலமும் ஏற்காடும் 44-ஆம் மண்டலம், மேட்டூர் 43. எண்ணை மட்டும் எழுதி மண்டலத்தை எழுதாமல் விட்டால் யாரும் அந்த இடத்துக்குப் போய்ச் சேர முடியாது.

ஏற்காடு காபித் தோட்டத்துப் பெண்

அண்ணா, உங்கள் கிணற்றுக் கதை நூறு மீட்டர். எங்கள் வீட்டுக் கதை முப்பத்தைந்து கிலோமீட்டர்.

கோவையிலிருந்து வந்த என் அக்கா மகன் ஏரிக்கரையில் நின்றுகொண்டு, ஏற்காடு இன்னும் தெற்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கிறது என்று கருவியைக் காட்டினான். கண்ணெதிரே படகு போய்க்கொண்டிருக்கிறது! விசாரித்தால், புத்தகத்தில் பார்த்த 11 டிகிரி 47 நிமிடம், 78 டிகிரி 12 நிமிடம் என்பதை 11.47, 78.12 என்று ஏற்றியிருக்கிறான். நிமிடத்தை அறுபதால் வகுத்தால்தான் தசமம் வரும்: 11.78, 78.20. அவன் ஏற்றிய எண் ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கோ விழுகிறது. இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே உங்கள் கருவியில் இடத்தை எந்த வடிவில் காட்டுகிறது என்று பார்த்து, எல்லோரும் ஒரே வடிவுக்கு வந்துவிடுங்கள். ஆபத்து வேளையில் தொலைபேசியில் எண் சொல்லும்போது இந்தப் புள்ளி ஓர் உயிர்.

மழை நின்ற பிறகு எங்கள் தோட்டத்துக்குள் கருவி தடுமாறும். நனைந்த இலை சமிக்ஞையை விழுங்கிவிடுகிறது. அப்போது நடந்துகொண்டே திரையைத் தட்டுவதில் பயனில்லை. மரம் கொஞ்சம் விலகிய இடமாகப் பார்த்து ஐந்து நிமிடம் நில்லுங்கள். நிற்பதற்கு முன் சுற்றிலும் பாருங்கள். காட்டெருமை மேய்கிற இடம் இது. பனிமூட்டத்தில் அது நம்மைப் பார்ப்பதற்கு முன் நாம் அதைப் பார்த்துவிட வேண்டும்.

இளம்பிள்ளை தறிக்காரன்

நான் வாங்கும்போது அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், ஆசிரியர் ஐயாவுக்கு உதவலாம்.

கார்மினின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் 2019-இல் வந்தவை. இரண்டுமே இரண்டு பென்சில் பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம். இரண்டிலும் மெமரி கார்டு போடலாம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை இலவசமாக ஏற்றலாம். 32எக்ஸில் கூடுதலாகக் காற்றழுத்த உயரமானியும் மின்னணுத் திசைகாட்டியும் உண்டு. 2023-இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்.இ. ஒரு ஜோடி பேட்டரியில் 168 மணி நேரம் என்கிறார்கள், ஆனால் கருவியின் திரையில் வரைபடம் வராது. காபிக்காட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒருவருக்கு வரைபடம் இல்லாத கருவியை நான் சொல்லமாட்டேன்.

திசைகாட்டியும் உயரமானியும் வேண்டுமா? என்னுடைய கருவியில் இரண்டும் இருக்கின்றன. எங்கள் ஊரை ஒட்டியிருக்கும் கஞ்சமலையில் ஒரு நாள் கரும்பாறை ஒன்றின் மேல் உட்கார்ந்து வழி பார்த்தேன். அம்புக்குறி சித்தர் கோயில் பக்கம் காட்டியது. நான்கடி தள்ளி நின்றால் நேர் எதிர்ப் பக்கம். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மனம் உடைந்துபோனேன். அது காந்த இரும்புத் தாது உள்ள மலை என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. நிற்கும்போதுதான் கருவி காந்தத்தைப் பார்த்துத் திசை சொல்கிறது. நடக்கத் தொடங்கினால் இடம் நகர்வதை வைத்துச் சொல்கிறது. அங்கே திசைகாட்டியை அணைத்துவிட்டு இருபதடி நடந்து பார்க்க வேண்டும். பேட்டரி மாற்றும்போதெல்லாம் திசைகாட்டியைச் சுழற்றிச் சரிசெய்வதையும், காந்தம் வைத்த கைப்பேசி உறையைத் தள்ளி வைப்பதையும் அதற்குப் பிறகு பழக்கமாக்கிக்கொண்டேன்.

உயரமானியும் அப்படித்தான். சேர்வராயன் கோயில் பக்கம் காலை பத்து மணிக்கு ஏறி, மாலை வரை அங்கேயே இருந்தோம். உட்கார்ந்த இடத்திலேயே முப்பது மீட்டர் ஏறிவிட்டதாகக் கருவி சொன்னது. நம் பகுதியில் காற்றழுத்தம் காலை பத்து மணிவாக்கில் கூடியும் மாலை நான்கு மணிவாக்கில் குறைந்தும் நாள்தோறும் அலைபோல் ஆடுகிறது. அழுத்தம் குறைந்தால் கருவி அதை உயரம் என்று எடுத்துக்கொள்கிறது. நான் புறப்படும்போது சேலம் ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் எழுதியிருக்கும் கடல் மட்ட உயரத்தை ஏற்றிச் சரிசெய்துகொள்வேன். எனக்கு மேட்டையும் பள்ளத்தையும் எண்ணிப் பார்ப்பதில் தனி ஆசை, அதனால் அந்த விலை கொடுத்தேன். உங்கள் தேவைக்கு 22எக்ஸ் போதும் ஐயா.

கருவியின் செயற்கைக்கோள் திரையில் 40, 41 என்ற எண்கள் தெரிந்தால் மகிழுங்கள். அவை நம் நாட்டின் ககன் அமைப்பு. பிழையைத் திருத்திக் கொடுக்கும். கருவியின் அமைப்பில் ‘வாஸ்’ என்பதை இயக்கி வைத்திருந்தால்தான் கருவி அதை எடுத்துக்கொள்ளும்.

ஐந்து ரோடு மென்பொருளாளர்

இவ்வளவு எதற்கு? கைப்பேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு, விமானப் பயன்முறையில் வைத்து நடந்தால் ஒரு நாள் முழுவதும் வருகிறது. ஏழாண்டுகளாக அப்படித்தான் ஏற்காட்டில் நடக்கிறேன். உயரத்தை மட்டும் நம்புவதில்லை. சில செயலிகள் நீள்கோளத்திலிருந்து அளந்த உயரத்தை அப்படியே காட்டுகின்றன, அது நம் பக்கத்தில் கடல் மட்டக் கணக்கைவிட எண்பது தொண்ணூறு மீட்டர் குறைவாக வரும்.

ஏற்காடு காபித் தோட்டத்துப் பெண்

தம்பி, கோடையில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறீர்களோ? ஐப்பசி மழையில் வந்து அந்தத் தொடுதிரையை நனைந்த விரலால் தொட்டுப் பாருங்கள். கைப்பேசி அணைந்தால் வழியும் போகிறது, உதவிக்கு அழைக்கும் வாயும் போகிறது. இரண்டும் ஒரே பொருளில் இருப்பதுதான் எனக்குப் பயம்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளைக் கொண்டுவந்து கொடுப்பதுண்டு. அவற்றுக்கு நம் நாட்டில் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் வைத்திருந்த பயணிகள் விமான நிலையங்களிலேயே பிடிபட்டிருக்கிறார்கள். சமிக்ஞையை வாங்க மட்டும் செய்யும் ஜி.பி.எஸ். வேறு, இது வேறு.

அஸ்தம்பட்டி ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. சுருள்கம்பியில் பச்சைப் பொடி இருந்தது. அளவையர் ஐயா சொன்னபடி வினிகரில் துடைத்தேன். பேட்டரி வகை ‘அல்கலைன்’ என்றே இருந்தது, மாற்றிவிட்டேன். புதிய பேட்டரி ஜோடியைப் போட்டு மொட்டை மாடியில் வைத்தேன். நீண்ட நாள் அணைந்து கிடந்ததால் முதல் முறை இடம் பிடிக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு காலை ஆறு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை அணையவில்லை. இப்போதைக்குப் புதிய கருவி வாங்கப்போவதில்லை. தேதி மட்டும் 2005-இல்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே தோட்டத்துக்கு மறுபடியும் போனேன். புறப்பட்ட இடத்தையும் லைன் வீடுகளையும் முதலிலேயே குறித்துக்கொண்டேன். அந்த அம்மாவையும் பார்த்து, இரண்டு கிலோ பொரி கொடுத்துவிட்டு வந்தேன். தடம் முழுதாகப் பதிவாகியிருக்கிறது. அந்தத் தடத்தின் ஜி.பி.எக்ஸ். கோப்பை இங்கே எல்லோருக்கும் பகிரலாமா?

ஏற்காடு காபித் தோட்டத்துப் பெண்

பகிர வேண்டாம் ஐயா. பழம் பறிக்கும் மாதங்களில் அந்தக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்; கோப்பை நம்பி வருகிறவர்கள் வேலி தாண்டுவார்கள். எனக்கு மட்டும் அனுப்புங்கள். தோட்டக்காரரிடம் காட்டி, எந்த மாதம் திறந்திருக்கும், யாரைக் கேட்டு உள்ளே வர வேண்டும் என்பதை எழுதி வாங்கித் தருகிறேன். அதையும் சேர்த்துப் போடுங்கள்.