ஒரே சமையலறை, நான்கு நாட்டுக்காரர்கள்: வேலூர்ப் பக்கத்தவரின் அனுபவப் பகிர்வு

காட்பாடிக்காரர்:

விஐடியில் படிப்பை முடித்துவிட்டு இந்த அக்டோபரில் ஜெர்மனிக்குப் புறப்படும் நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர், விசாவுக்கும், செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைத்து மாதாமாதம் எடுக்கும் பிளாக்டு அக்கவுண்டுக்கும் வழி தெரிந்துகொண்டோம், முன்பின் தெரியாத வெளிநாட்டவரோடு ஒரே வீட்டில் காலம் தள்ளுவது எப்படி என்றுதான் தெரியவில்லை என்று கேட்டிருந்தார்கள். ட்ரெஸ்டன் நகரில் ஒரு ஜெர்மானியப் பெண், ஒரு துருக்கி இளைஞர், ஒரு கொலம்பியப் பெண் ஆகிய மூவரோடும் ஒரே சமையலறையையும் ஒரே குளியலறையையும் பகிர்ந்துகொண்டு படிப்பை முடித்து, இப்போது காட்பாடிக்கே திரும்பிவிட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வேறுபாடு வீடு பிடிப்பதிலேயே தொடங்கிவிடுகிறது. வேலூரில் அறை வேண்டுமென்றால் வீட்டுக்காரரைப் பார்த்து, அட்வான்ஸ் பேசி, சாவியை வாங்கிக்கொண்டால் வேலை முடிந்தது. அங்கே 'வேகே' என்று அழைக்கப்படும் பகிர்வு வீடுகளில் புதிதாக வருபவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே குடியிருப்பவர்கள்தான். சமையலறை மேசையில் உட்காரவைத்து, எத்தனை மணிக்கு உறங்குவாய், நண்பர்கள் வந்து தங்குவார்களா, சமைத்த பாத்திரத்தை அன்றே கழுவுவாயா என்று கேட்பார்கள். படிப்பில் எடுத்த மதிப்பெண்ணை ஒருவரும் கேட்கமாட்டார்கள். வீட்டைக் காட்டாமலே முன்பணம் அனுப்பச் சொல்லும் விளம்பரங்களை நம்பவேண்டாம்; அந்நாட்டுச் சட்டப்படி முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக்கூடாது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்தாகவேண்டும், அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட படிவம் தேவை. உள்வாடகைக்கு விடுபவர் அந்தப் படிவத்தைத் தரத் தயங்கினால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த அறையை விட்டுவிடுவதே நல்லது.

சாப்பாட்டையும் குளிரையும் விட, எதையும் முகத்துக்கு நேரே சொல்லும் வழக்கத்துக்குப் பழகத்தான் எனக்கு நாளாயிற்று. நம் வீடுகளில் அம்மா பாத்திரத்தைக் கொஞ்சம் ஓசையோடு வைத்தாலே, அது யாருக்கான செய்தி என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். அந்த வீட்டில் மாதத்துக்கு ஒரு முறை நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மனத்தில் இருப்பதை வரிசையாகச் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு முறை ஜெர்மானியப் பெண் என்னைப் பார்த்து, நீ தாளிக்கும்போது வரும் பெருங்காய வாசனை என் கம்பளிக் கோட்டில் ஏறிக்கொள்கிறது, அதை அணிந்துகொண்டு வேலைக்குப் போகமுடியவில்லை என்று, குரலை உயர்த்தாமலும் புன்னகைக்காமலும் சொன்னார். நம் ஊரில் இப்படி ஒரு சொல் வந்திருந்தால் பத்து நாள் பேச்சுவார்த்தை நின்றிருக்கும். துருக்கி நண்பரோ எழுந்து போய்ச் சமையலறைக் கதவருகே இருந்த கோட்டுத் தாங்கியைப் பார்த்தார்; அதைத் தூக்கிக் குளியலறைப் பக்கத்து மூலையில் வைத்தார்; எல்லோரும் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அன்று இரவே அந்தப் பெண் வந்து, காலையில் செய்த எலுமிச்சைச் சாதத்தில் மீதி இருக்கிறதா என்று கேட்டார். அவருக்கு என்மீது கோபமே இருந்ததில்லை என்பதை நான் நம்புவதற்குச் சில நாட்கள் பிடித்தன.

உபசாரமும் அப்படித்தான். யாராவது ஏதாவது நீட்டினால் முதல் முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டாம் முறை வற்புறுத்தலுக்காகக் காத்திருப்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. அந்த ஜெர்மானியப் பெண்ணிடம் வேண்டாம் என்றால் தட்டு அத்தோடு அலமாரிக்குப் போய்விடும். கொலம்பியப் பெண்ணும் துருக்கி நண்பரும் நம்மைப் போலவே கெஞ்சிக் கெஞ்சிப் பரிமாறுவார்கள். ஆனால் மாத வீட்டுக்கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுக் குளியலறையைச் சுத்தம் செய்யும் தம் முறையைத் தள்ளிப்போடுவதிலும் அவர்கள் நம் சொந்தக்காரர்கள்தான். யார் எந்த வாரம் எந்த இடத்தைச் சுத்தம் செய்வது என்னும் அட்டவணை குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும். அது காகிதம்தானே என்று எண்ணவேண்டாம்; அந்த வீட்டின் அரசியல் சட்டமே அதுதான்.

குப்பை தனி அத்தியாயம். காகிதத்துக்கு நீலத் தொட்டி, பிளாஸ்டிக் உறைகளுக்கு மஞ்சள், காய்கறிக் கழிவுக்குப் பழுப்பு, மீதிக்குக் கறுப்பு என்பது பெரும்பாலான ஊர்களில் உள்ள முறை. கண்ணாடிப் புட்டிகளை வெள்ளை, பச்சை, பழுப்பு என்று பிரித்துத் தெருமுனைப் பெட்டிகளில் போடவேண்டும். உடையும் சத்தத்துக்காக ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்யக்கூடாது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் புட்டிக்கும் டின்னுக்கும் 25 சென்ட் திரும்பக் கிடைப்பதால், அவற்றைக் குப்பையில் போடுபவர் காசைத்தான் போடுகிறார்.

குளிர்காலத்தில் தினமும் இருமுறை எல்லாச் சன்னல்களையும் விரியத் திறந்து சில நிமிடம் காற்றாடவிட வேண்டும் என்பது எங்கள் வாடகை ஒப்பந்தத்திலேயே இருந்தது. அடைத்த அறையில் மூச்சு, சமையல், குளியல் ஆகியவற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சை பிடித்துவிடும், அதற்கான செலவு முன்பணத்தில் கழியும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வீடுகளில் காலை பத்து மணிக்கே சன்னலைச் சாத்தி வெயிலைத் தடுப்பதைப் போன்ற கணக்குதான் இதுவும், திசைதான் மாறுகிறது. தொலைபேசி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்துவிட்டுக் கூப்பிடும்போது, கோடையில் அங்கே இரவு ஒன்றரை மணி. இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், சுவர்களோ மெல்லியவை. நம் ஊர் நேரப்படி காலை பதினொரு மணிக்கு மேல் கூப்பிடும்படி வீட்டாரிடம் புறப்படும் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள்.

சத்துவாச்சாரிச் செவிலியர்:

தம்பி எழுதியதைப் படித்தேன். நான் வேலூரில் செவிலியர் படிப்பை முடித்து, இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்தவள். முதல் வீட்டில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண், ஒரு நைஜீரியப் பெண், கோட்டயத்துப் பெண் ஒருவர், நான் ஆகிய நால்வரும் செவிலியர்கள். எல்லோருக்கும் வெவ்வேறு ஷிப்ட். ஒருவர் இரவுப் பணி முடித்து உறங்கவரும் நேரத்தில் இன்னொருவர் சமையலைத் தொடங்குவார். சமையலறைக் கதவில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, யார் எத்தனை மணிவரை உறங்குகிறார் என்று எழுதிவைக்கத் தொடங்கியபிறகுதான் வீட்டில் அமைதி வந்தது.

எங்களை ஒட்டவைத்தது பதிவுக்கான செயல்முறைத் தேர்வு. அந்நாட்டுச் செவிலியர் மன்றத்தின் ஆஸ்கி என்னும் அந்தத் தேர்வில் பத்து நிலையங்கள், அதாவது தனித்தனிச் சோதனைகள் உண்டு. செய்துகாட்டும் நிலையங்களில் செய்வதை வாயாலும் சொல்லிக்கொண்டே செய்யவேண்டும். ஊரில் கை பழகிய வேலையை வாய்விட்டுச் சொல்ல நாக்கு எழாது. சோபாவில் ஒருவர் நோயாளியாகப் படுப்பார், ஒருவர் தேர்வாளராக அலைபேசியில் நேரம் பார்ப்பார், மற்றவர் கை கழுவுவதிலிருந்து தொடங்குவார். நைஜீரியச் சகோதரி நோயாளியாக நடித்தால் நெஞ்சுவலியைக் கண்ணீரோடு நடிப்பார். நாங்கள் சிரித்துவிட்டால், தேர்வில் நோயாளியைப் பார்த்துச் சிரிப்பாயா என்று எழுந்து உட்கார்ந்து கண்டிப்பார்.

வாசனைச் சண்டை எங்கள் வீட்டில் வேறுவிதமாக முடிந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டை வறுக்கத் துணிவில்லாமல் பெட்டியின் அடியிலேயே வைத்திருந்தேன். ஒரு காலையில் மாடியிலிருந்து இறங்கும்போதே மூக்குக்குத் தெரிந்த வாசனை வந்தது. பிலிப்பைன்ஸ் பெண் தங்கள் ஊர் உப்பு மீனைப் பொரித்து, பூண்டு போட்டு வதக்கிய பழைய சோற்றோடு காடியில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மேலே ஓடிப்போய் என் பொட்டலத்தை எடுத்துவந்தேன். அன்று முதல் கருவாட்டு நாள் என்று பலகையில் முன்கூட்டியே எழுதிவிடுவோம். கோட்டயத்துப் பெண்ணும் சேர்ந்துகொண்டார், நைஜீரியச் சகோதரி உலர்ந்த இறால் பொடியைத் தம் குழம்புக்காக எடுத்துவந்தார்.

பணத்தில் தகராறு வருவதென்றால் ஹீட்டரில்தான் வரும். வாடகைக்குள் எரிவாயுக் கட்டணம் அடங்குமா என்று கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள். அடங்காவிட்டால் காலையும் மாலையும் எத்தனை மணிநேரம் எரியவேண்டும் என்பதை பாய்லரின் டைமரில் எல்லோர் முன்னிலையிலும் பொருத்திவிடுவது உத்தமம்.

ஆம்பூர்வாசி:

நான் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒரு போலந்துக்காரரோடும் ஒரு வியட்நாமியரோடும் இருக்கிறேன். இருவரும் பன்றி இறைச்சி உண்பவர்கள். முதல் நாளே, எனக்கென்று தனி வாணலியும் குளிர்பதனப் பெட்டியில் மேல்தட்டும் வேண்டும் என்று கேட்டேன். காரணத்தைக் கேட்டுக்கொண்டு இருவரும் சம்மதித்தார்கள், இன்றுவரை அந்த வாணலியைத் தொட்டதில்லை. நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன் உண்ணும் சஹர் உணவுக்கு அடுப்பு மூட்டிச் சத்தம் செய்யக்கூடாது என்பதற்காக முட்டையையும் கஞ்சியையும் முன்னிரவிலேயே தயார் செய்துவிடுவேன். நீ இருட்டில் தனியாகவா சாப்பிடுகிறாய் என்று வியட்நாமிய நண்பர் ஒரு நாள் எழுந்துவந்து, தூக்கக் கலக்கத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தார். பெருநாளன்று பிரியாணி செய்தேன். சீரகச் சம்பா ஈழத்தமிழர் கடையில் கிடைத்தது, நம் ஊர்க் கத்தரிக்காய்க்குத்தான் வழியில்லை.

குடியாத்தத்து மாணவி:

அண்ணா, குக்கர், மிக்ஸி இரண்டையும் எடுத்துக்கொண்டு போகலாமா? அம்மா இரண்டையும் கட்டிவைத்துவிட்டார்கள்.

காட்பாடிக்காரர்:

எடுத்துப் போகலாம் தங்கச்சி. அங்கேயும் 230 வோல்ட் மின்சாரம்தான் என்பதால் மிக்ஸி ஓடும். பிளக் மட்டும் பொருந்தாது, எர்த் உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்கிக்கொள்ளவும். குக்கர் அலுமினியம் என்றால் இண்டக்ஷன் அடுப்பில் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டும் எஃகுக் குக்கராக இருந்தால் எந்த அடுப்பிலும் வைக்கலாம். முதல் விசில் வருமுன் வீட்டிலிருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டுக் கொலம்பியப் பெண் அதைக் கேட்டு மாடிப்படிவரை ஓடிவிட்டார். சட்னியை இரவு பத்து மணிக்கு முன்பே அரைத்துவிடுங்கள்.