மலைச்சரிவில் கன்று ஈனும் பருவம்: தலையீத்துக் கிடாரிகளை எப்படிக் காப்பது?

மூயி ரிவர் பண்ணையாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தருமபுரிப் பக்கத்தில் பிறந்த நான், பன்னிரண்டு ஆண்டுகளாகத் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறேன். நானும் என் மனைவியும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் மூயி ரிவருக்கு மேற்கே ஒரு சிறு மலைச்சரிவைக் குத்தகைக்கு எடுத்து 31 பசுக்களை வளர்த்து வருகிறோம். பால் கறப்பதில்லை. கன்று ஏழு மாதம் தாயிடமே ஊட்டி வளர்ந்தபின் பால் மறக்கடித்து இறைச்சிச் சந்தைக்கு எடை போட்டு விற்கிறோம். ஆகையால், பிழைத்து நிற்கும் கன்றுகளின் எண்ணிக்கைதான் எங்கள் ஆண்டு வருமானம்.

2024ஆம் ஆண்டில் ஐந்து கன்றுகளை இழந்தோம். செப்டம்பர் 20ஆம் தேதி இரவு பெய்த பெரும்பனியில், வான் ரீனன் கணவாயில் நெடுஞ்சாலையே மூடப்பட்ட அந்த இரவில், பிறந்து சில மணி நேரமே ஆன ஒரு கன்று விறைத்துப் போயிற்று. அக்டோபரில் இரண்டு கன்றுகள் கழிச்சலில் இறந்தன. ஒன்றைக் காலையில் போய்ப் பார்த்தபோது மூக்கின்மேல் சவ்வு மூடியபடியே கிடந்தது. ஐந்தாவது, தலையீத்துக் கிடாரி ஒன்றின் கன்று. கால் வெளியே தெரிந்த பிறகும் "தானாக ஈன்றுவிடும்" என்று நான்கு மணி நேரம் காத்திருந்துவிட்டு, பிறகு கயிறு கட்டி இழுத்தோம். கன்று உயிரோடு வரவில்லை. அந்தத் தவறு என்னுடையது. இன்றுவரை மறக்க முடியவில்லை.

இப்போது ஜூலை மாதம். ஒன்பது கிடாரிகள் முதல் ஈத்துக்கு நிற்கின்றன. எங்கள் ஊரில் கொட்டகையில் இரண்டு மாடுகள் கட்டிக் கிடக்கும். அம்மா மடியைத் தொட்டுப் பார்த்து, "இன்று இரவு ஈன்றுவிடும்" என்று சொன்னால் அப்படியே நடக்கும். இங்கே மாடுகள் மலைமேல் நிற்கின்றன, மருத்துவர் 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், எப்போது கை வைக்க வேண்டும்? கன்று பெருக்காமல் இருக்கக் கிடாரிகளுக்கு இப்போதே தீனியைக் குறைத்துவிடு என்று பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்கிறார், அது சரியா? பொலிகாளை ஆண்டு முழுவதும் மந்தையிலேயே இருப்பதால் மே மாதம் முதல் பிப்ரவரி வரை எப்போது வேண்டுமானாலும் கன்று விழுகிறது. இதை எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவருவது?

—

கால்நடை மருத்துவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க் எழுதியது:

நண்பரே, முதலில் தீனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து குறைக்காதீர்கள். கன்றின் பிறப்பு எடையில் பெரும்பங்கு சினையின் கடைசி மூன்று மாதங்களில்தான் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் தாயைப் பட்டினி போட்டால் கன்றின் எடை சிறிதளவே குறையும், தாயின் வலிமையோ பெரிதும் குறையும். முக்குவதற்குத் திராணியில்லாத கிடாரியும், நோய் எதிர்ப்புச் சத்து இல்லாத சீம்பாலும், எழுந்து நிற்க முடியாத கன்றும்தான் மிஞ்சும். கன்று சிறியதாக வேண்டுமானால் அதை முடிவு செய்யும் இடம் பொலிகாளை. கிடாரிகளுக்கு என்று, பிறப்பு எடை குறைந்த கன்றுகளைத் தரும் காளையைத் தனியாகத் தேர்ந்தெடுங்கள். கிடாரி தன் முழு வளர்ச்சி எடையில் ஏறத்தாழ 65 விழுக்காட்டை எட்டிய பிறகே காளையோடு சேர வேண்டும்.

அடுத்து, நேரக் கணக்கு. வலி தொடங்கும் முதல் கட்டத்தில் மாடு மந்தையை விட்டு ஒதுங்கும், படுக்கும், எழும், வாலைத் தூக்கும், தன் விலாவைத் திரும்பிப் பார்க்கும். இது இரண்டு முதல் ஆறு மணி நேரம் நீடிக்கலாம். கிடாரிக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகலாம். இந்தக் கட்டத்தில் அருகே போகாமல் தூரத்திலிருந்து பாருங்கள். பனிக்குடம் வெளியே தெரிந்ததும் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தெளிவான முன்னேற்றம் தெரியாவிட்டால் உள்ளே கை வைத்துப் பார்க்க வேண்டும். மருத்துவர் 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் உங்களைப் போன்றவர்கள், அரை மணி நேரத்திலேயே தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது. நன்றாக முக்கியும் எதுவுமே வெளியே வராத மாடு, ஒரே ஒரு கால் மட்டும் வந்த மாடு, கால் இல்லாமல் தலையோ வாலோ மட்டும் தெரியும் மாடு ஆகிய மூன்றுக்கும் காத்திருப்பு என்பதே கிடையாது.

வெளியே தெரியும் குளம்பின் அடிப்பகுதி தரையைப் பார்த்திருந்தால் அது பெரும்பாலும் முன்னங்கால். வானத்தைப் பார்த்திருந்தால் பின்னங்காலாக இருக்கலாம். ஐயம் இருந்தால் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். குளம்பிலிருந்து மேலே வரும் முதல் இரண்டு பெரிய மூட்டுகளும் ஒரே பக்கமாக மடங்கினால் அது முன்னங்கால். எதிரெதிர்ப் பக்கமாக மடங்கினால் பின்னங்கால். இரண்டு முன்னங்கால்களும் அவற்றின்மேல் மூக்கும் இருந்தால் கன்று சரியாக வருகிறது. குளம்பிடுக்கைக் கிள்ளினால் கன்று காலை இழுத்துக்கொள்ளும். வாய்க்குள் விரலை வைத்தால் சப்பும். அப்படியானால் அது உயிரோடு இருக்கிறது.

இழுக்க வேண்டி வந்தால் முழங்கை வரை கழுவி, நீளமான கையுறை போட்டு, வழுவழுப்பான திரவத்தைத் தாராளமாக ஊற்றுங்கள். சங்கிலியின் முதல் சுற்று கணுவுக்கு மேலும், இரண்டாவது சுற்று கணுவுக்குக் கீழும் இருக்கட்டும். ஒரே சுற்றில் இழுத்தால் கன்றின் கால் எலும்பு முறியும். மாடு முக்கும்போது மட்டும் இழுங்கள், அது மூச்சு வாங்கும்போது நிறுத்துங்கள். ஒரு காலை முன்னே கொண்டுவந்து, பிறகு மற்றொன்றைக் கொண்டுவந்து, தலை வெளிப்பட்டபின் மாட்டின் குளம்பை நோக்கிக் கீழ்முகமாக இழுங்கள். இரண்டு பேரின் கைவலிமைக்கு வராத கன்று, பாக்கி எனப்படும் சிறு சரக்கு வண்டியில் கட்டி இழுத்தாலும் வரக்கூடாத கன்று. அங்கே நிறுத்திவிட்டு அறுவை சிகிச்சைக்கு அழையுங்கள். வண்டியில் கட்டி இழுத்ததால் இடுப்பு நரம்பு நசுங்கி எழவே முடியாமல் போன மாடுகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பின்னங்கால் முதலில் வரும் கன்றுக்கு மட்டும், இடுப்பு வெளியே வந்ததும் தாமதிக்காதீர்கள். தலை உள்ளே இருக்கும்போதே தொப்புள்கொடி நசுங்கிவிடும்.

வெளியே வந்த கன்றின் மூக்கைத் துடைத்து, ஒரு வைக்கோல் தாளை மூக்கினுள் விட்டுக் கிளறினால் தும்மி மூச்செடுக்கும். தலைகீழாகத் தொங்கவிட வேண்டாம். மார்பின்மேல் நிமிர்ந்து படுக்கும்படி கிடத்துங்கள். தொப்புளை அயோடினில் முக்குங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள், அதிகம் போனால் ஆறு மணி நேரத்துக்குள், மூன்று அல்லது நான்கு லிட்டர் சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு நாள் கழிந்தபின் கன்றின் குடல் அந்த எதிர்ப்புச் சத்தை ஏற்காது.

—

எஸ்ட்கோர்ட் இங்குனிப் பட்டி எழுதியது:

தம்பி, டாக்டர் சொன்னதற்கு மேல் ஈற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நாங்கள் இங்குனி என்னும் இந்நாட்டு இன மாடுகளை வளர்ப்பதால் கைபிடித்து இழுக்கும் தேவை எங்களுக்கு அரிதாகவே வருகிறது. அந்த இனத்தின் கன்று சிறியது, தாய் தானாக ஈன்றுகொள்ளும். ஆனால் கழிச்சலில் நானும் நிறைய இழந்திருக்கிறேன், அதைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரே பட்டியில் எல்லா மாடுகளும் ஈன்றால், முதலில் பிறந்த கன்றுகள் வளர வளர அவற்றின் சாணத்தோடு கிருமியும் பெருகிக்கொண்டே போகும். அவை நோய்ப்படாமல் நிற்கும். கடைசியாகப் பிறக்கும் கன்று அந்த அழுக்கில் விழுந்து ஒரு வாரத்தில் கழியத் தொடங்கும். உங்களுடைய அக்டோபர் கன்றுகள் அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மணல்மேட்டுப் பண்ணைகளில் பின்பற்றும் ஒரு முறையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஈன்ற மாட்டை அந்த இடத்திலேயே கன்றோடு விட்டுவிட்டு, இன்னும் ஈனாத சினைமாடுகளை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை புதிய வேலிக்குள் ஓட்டிவிட வேண்டும். புதிதாகப் பிறக்கும் கன்று எப்போதும் சுத்தமான புல்லில் விழும். மின்வேலியால் நான்கு துண்டுகளாகப் பிரித்துக்கொண்டால் 31 மாடுகளுக்குப் போதும்.

கழிச்சல் வந்துவிட்டால் பாலை நிறுத்திவிடாதீர்கள். உப்புச் சத்துக் கரைசலை இரண்டு வேளைப் பாலுக்கும் இடையில் தனியாகக் கொடுங்கள். கண் குழிந்து, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படிகிறது என்றால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

குளிரைப் பற்றி: கன்று நடுங்குகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, வாய்க்குள் விரலை வையுங்கள். நாக்கு சில்லென்று இருந்து, விரலைச் சப்பவும் இல்லையென்றால் அதற்குப் புல்வெளியில் இனி வேலையில்லை. பாக்கியின் முன்னிருக்கைக்குக் கீழே கிடத்தி, சூடு காற்றைப் போட்டு, சாக்கால் தேய்த்துத் தேய்த்து உலர்த்துங்கள். உடம்பில் சூடு ஏறியபின்தான் சீம்பால். நான் ஒவ்வொரு பருவத்திலும் பால் நிறைந்த மூத்த பசு ஒன்றின் சீம்பாலை ஒரு லிட்டர் புட்டிகளில் உறைய வைத்திருப்பேன். கொதிநீரில் போட்டு இளக்கினால் அதன் சத்து கெட்டுவிடும். கை தாங்கும் சூட்டுக்குச் சற்று மேலான தண்ணீரில் வைத்து மெதுவாக இளக்க வேண்டும்.

இரவில் ஈனுவதைக் குறைக்கவும் ஒரு வழி உண்டு. கனடாவின் மனிடோபாவைச் சேர்ந்த கஸ் கோனெஃபால் என்ற பண்ணையாளர் 1970களில் கண்டது இது. மாலை மங்கும் நேரத்திலோ இரவிலோ தீனி வைத்தால் பெரும்பாலான மாடுகள் பகலில் ஈனுகின்றன. ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். நாங்கள் உலர்புல்லைச் சூரியன் சாயும்போது மட்டுமே போடுகிறோம். இரவு விளக்கோடு அலைவது பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. உங்கள் ஒன்பது கிடாரிகளையும் இன்றே பிரித்து வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இந்த முறையைத் தொடங்கிவிடுங்கள்.

எங்கள் மேய்ப்பர் ஒவ்வொரு மாட்டையும் அதன் நிறக்கோலத்தால் அழைக்கிறார். வெண்மையில் பொடிப்புள்ளி தெளித்தது போன்ற ஒன்றுக்கு, ஒரு வானம்பாடிப் பறவையின் முட்டைகள் என்று பொருள்படும் சூலு மொழிப் பெயர் இருக்கிறது. மயிலை, செவலை, காரி என்று நம் ஊரில் சொல்வதைப் போலத்தான். எந்த மாடு எப்போது ஒதுங்கியது என்பதை அவர் கண் தவறவிடுவதில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிவிடுவேன்.

—

ஹோவிக் பழைய பட்டி எழுதியது:

தம்பி, உங்களுடைய ஐந்து கன்றுகளில் நான்கு, காளையை மந்தையிலேயே விட்டதால் போனவை என்றுதான் நான் சொல்வேன். பத்து மாதம் பரந்து கிடக்கும் ஈற்றுப் பருவத்தை எந்த மனிதனும் கண்விழித்துக் காவல் காக்க முடியாது. பத்து வாரத்துக்குள் முடியும் பருவத்தைக் காக்கலாம்.

கணக்கு எளியது. சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள். நவம்பர் 1ஆம் தேதி காளையை விட்டால் ஆகஸ்ட் 11 வாக்கில் முதல் கன்று. டிசம்பர் 1ஆம் தேதி விட்டால் செப்டம்பர் 10 வாக்கில். உங்கள் மேட்டில் புல் தளிர்ப்பது தாமதம் என்பதால் டிசம்பரே பொருத்தம் என்பது என் கருத்து. ஈன்ற பசு ஆண்டுக்கு ஒரு கன்று தர வேண்டுமானால் 82 நாளுக்குள் மறுபடி சினைபிடிக்க வேண்டும். அந்த நாட்களில் அதன் காலடியில் பச்சைப்புல் இருக்க வேண்டும். கிடாரிகளுக்கு மட்டும் மூன்று வாரம் முன்னதாகக் காளையை விடுங்கள். முதல் ஈத்துக்குப் பிறகு பருவத்துக்கு வர அவற்றுக்குக் கூடுதல் நாள் தேவைப்படும்.

ஒரே ஆண்டில் மாற்ற முயன்றால் பாதி மந்தையை விற்க வேண்டி வரும். வரும் ஆண்டு பிப்ரவரி இறுதியில் காளையை வெளியே எடுங்கள், அதற்கடுத்த ஆண்டு பிப்ரவரி நடுவில் எடுங்கள். காளைக்கென்று ஏறித் தாண்ட முடியாத வேலி ஒன்றை முதலில் கட்டுங்கள்; நான் அதில் சிக்கனம் பார்த்து ஓராண்டை வீணாக்கினேன். காளையை விடும் முன், அதன் ஆணுறுப்பு உறையைக் கழுவி எடுத்த நீரைச் சோதிக்கும் உறைக்கழுவல் பரிசோதனையும் செய்துவிடுங்கள். காளை வழியே பரவும் தொற்றால் கரு கலைந்தால், அது கலைந்ததே வெளியே தெரியாது.

இன்னொன்று, குளிர்காலத் தீனி. நம் புளிப்புப்புல் மேய்ச்சல் ஜூன் முதல் வெறும் நார்தான். வயிறு நிறைந்தும் மாடு மெலியும். புரதம் கலந்த நக்குத்தீனி இல்லாமல் அந்த நாரைச் செரிக்க முடியாது. ஆனால் யூரியா கலந்த நக்குத்தீனித் தொட்டியில் மழைத்தண்ணீர் தேங்கினால் அது நஞ்சு. தொட்டிக்குக் கூரை போடுங்கள், அடியில் ஓட்டை போடுங்கள், பசித்த மாட்டை நேரே அதனிடம் விடாதீர்கள், நஞ்சேறினால் மாட்டுக்குப் புகட்ட வினிகரை வீட்டில் தயாராக வைத்திருங்கள். ஈனும்போது மாட்டின் சதைப்பிடிப்பு ஐந்துக்கு மூன்று என்ற அளவில் இருக்க வேண்டும்.

—

மூயி ரிவர் பண்ணையாளர் எழுதியது:

டாக்டர், அக்கா, ஐயா, மூவருக்கும் நன்றி. கிடாரிகளை இன்று மாலையே வீட்டுக்கு அருகிலுள்ள வேலிக்குள் கொண்டுவந்துவிட்டோம். இரண்டு ஐயங்கள் மட்டும் மிச்சம். இளங்கொடியை என்ன செய்வது? ஊரில் வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவோம். என் மனைவி இங்கேயும் அப்படியே செய்ய விரும்புகிறாள். இளங்கொடி விழாமல் தொங்கினால் இழுத்துவிடலாமா?

—

கால்நடை மருத்துவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க் எழுதியது:

இழுக்காதீர்கள். பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் தானே விழும். 24 மணி நேரம் கடந்தும் தொங்கினால், குறிப்பாக மாடு தீனி எடுக்காமல் காய்ச்சலோடு நின்றால், என்னைப் போன்ற ஒருவரை அழையுங்கள்.

மரத்தில் கட்டுவதன் பின்னால் இருக்கும் அன்பு எனக்கும் தெரியும். என் பாட்டியும் கட்டியவர்தான். ஆனால் இங்கே கன்று வீச்சு நோய் எனப்படும் புரூசெல்லா தொற்று மந்தைகளில் இருக்கிறது. அது இளங்கொடியிலும் ஈற்று நீரிலும்தான் மிகுதியாக இருக்கும், வெறுங்கையால் தொட்ட மனிதருக்கும் ஒட்டும். நரியும் நாயும் அதை அடுத்த பண்ணைக்கு இழுத்துச் செல்லும். கையுறையோடு எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். தங்கைக்கு மனக்குறை இருந்தால் ஒரு மரத்தடியில் புதைக்கச் சொல்லுங்கள். சினைமாடுகளைப் போலவே, கருவுற்ற பெண்களும் அதன் அருகே வரக்கூடாது. பிறக்கும் கிடாரிக் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் இதற்கான தடுப்பூசி போடுவது இந்நாட்டில் சட்டப்படி கட்டாயம். பிறந்த தேதியை நோட்டில் குறித்து வைத்தால் அந்த வயது தவறாது. புதிய காளை வாங்குவதாக இருந்தால், 2021 முதல் நம் மாகாணத்தில் கோமாரி நோய் தலைகாட்டி வருவதால், உங்கள் பகுதியில் கால்நடைகளை இடம் மாற்றத் தடை உள்ளதா என்று அரசு மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். வாங்கியபின் 28 நாள் தனியே கட்டி வைத்த பிறகே மந்தையோடு சேருங்கள்.

முதல் கிடாரிக்குப் பனிக்குடம் தெரிந்ததும், எந்த நேரமானாலும், இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் உங்கள் மருத்துவரை அழைத்துச் சொல்லிவிடுங்கள்.