தெரிந்தே கேட்ட கேள்வி: மரியாதைக் குறைவா, இல்லையா?

கொண்டைஊசி20:
போன சனிக்கிழமை அஸ்தம்பட்டியில் எங்கள் வாசகர் வட்டக் கூட்டம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஏற்காட்டின் கதையைச் சொன்னார். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் மலைக்குக் காபி கொண்டுவந்தது, கிரேஞ்ச் எஸ்டேட், எல்லாம் நன்றாகத்தான் போனது. "அதற்கு முன்னால் அங்கே வெறும் காடு. பேரே ஏரிக்காடுதானே" என்று முடித்தார். நான் எழுந்து, "அப்போது அங்கிருந்த மலையாளி மக்கள் என்ன சாப்பிட்டார்கள் ஐயா?" என்று கேட்டேன். (கேரளத்து மலையாளிகள் இல்லை, சேர்வராயன் மலைப் பழங்குடிகள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.) சபையில் ஒரே சிரிப்பு. அவர் முகம் சுருங்கிவிட்டது, டீ குடிக்கக்கூட நிற்கவில்லை. நான் கேட்டது தப்பா?

செவ்வாய்ப்பேட்டை:
தப்புதான் தம்பி. நானும் அங்கே மூன்றாவது வரிசையில் இருந்தேன். நீங்கள் கேட்ட விதத்துக்குச் சபை சிரிக்கும் என்று உங்களுக்கே தெரியும். 70 வயது தாண்டியவர், பஸ் ஏறி, குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டு வந்து சும்மா பேசிவிட்டுப் போகிறார். தனியாகக் கேட்டிருக்கலாம்.

தட்டுவடைசெட்:
தனியாகக் கேட்டால் பதிலும் தனியாகத்தான் போகும். "வெறும் காடு" என்று சொன்னதை 40 பேர் கேட்டோம், திருத்தம் மட்டும் அவர் காதோடா? வயசுக்குக் கொடுக்கும் மரியாதை வேறு, அவர் சொன்ன தகவலுக்குக் கொடுக்கும் மரியாதை வேறு. நம் ஊரில் இரண்டையும் ஒரே இலையில் வைத்துவிடுகிறோம்.

செவ்வாய்ப்பேட்டை:
கேட்கவே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? சரி, தம்பியிடம் ஒன்றே ஒன்று. விடை உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா, தெரியாதா?

கொண்டைஊசி20:
தெரியும். சாமை, ராகி. ஏர் போகாத சரிவில் கொத்தி விதைப்பார்கள் என்று படித்திருக்கிறேன்.

நன்னூல்பிரியன்:
அங்கேதான் இருக்கிறது விஷயம். நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. பள்ளியில் மனப்பாடம் செய்து, மார்க் வாங்கி, மறந்தும் போனோம். விடை தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா, வகுப்பில் ஆசிரியர் பையனைக் கேட்பாரே, அது. தம்பி கேட்டதும் அறிவினாதான், ஆனால் அறியாவினாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டது. வாத்தியாருக்கே பரீட்சை வைத்தால் கோபம் வராதா? "சாமை விளைந்ததாகப் படித்தேன். அப்படியானால் வெறும் காடு என்பது சரியா, இல்லை நான் தப்பாகப் படித்தேனா?" என்று ஐயவினாவாகக் கேட்டிருந்தால் அவரும் யோசித்திருப்பார், சிரித்தவர்களும் யோசித்திருப்பார்கள்.

தட்டுவடைசெட்:
இவ்வளவு வடிகட்டினால் மிச்சம் இருப்பது வெந்நீர்தான் ஐயா. குத்தினால்தான் சிலர் விழிப்பார்கள். ஒரு மனிதர் டீ குடிக்காமல் போனதற்கு இத்தனை பதிவு, ஒரு மலை ஜனத்தையே கதையில் காணாமல் அடித்ததற்கு ஒரு வரி இல்லை.

செவ்வாய்ப்பேட்டை:
குத்தினீர்கள், அவர் எழுந்து போய்விட்டார். விழித்தது யார்?

நன்னூல்பிரியன்:
கேள்விக்குக் கேள்வியே விடை. நன்னூலில் அதற்கும் இடம் உண்டு, "வினா எதிர் வினாதல்". நடக்கட்டும்.

நாகலூர்க்காரி:
நான் மலையாளிப் பெண். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். "என்ன சாப்பிட்டார்கள்" என்றதும் சிரித்தார்களே, அது யாரைப் பார்த்து? வாத்தியாரையா, எங்களையா? கேள்வி நல்ல கேள்விதான், ஆனால் அவரை மடக்குவதற்குத்தான் அது பயன்பட்டது. சாமை, ராகி என்று புத்தகத்தில் படித்தீர்கள், சரி. சேலத்திலிருந்து 20 வளைவு ஏறினால் ஏற்காடு, அங்கிருந்து கொஞ்ச தூரம் எங்கள் ஊர். எங்கள் பாட்டி சாமையை உரலில் குத்திப் புடைத்த கதையை இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை. எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்ததைத்தான் கேட்பார்கள், அதுவும் போட்டோ எடுக்க.

தட்டுவடைசெட்:
சிரித்தவர்களில் நானும் ஒருவன். வாத்தியாரை நினைத்துத்தான் சிரித்தேன் என்று சொல்ல வந்தேன். யோசித்தால் அவ்வளவு நிச்சயமாக இல்லை.

கொண்டைஊசி20:
அக்கா, அந்தச் சிரிப்பு உங்கள் மேல் விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். இதை நிஜமாகவே தெரியாமல் கேட்கிறேன்: குத்திய சாமையைக் களி கிண்டுவார்களா, சோறாக்குவார்களா?

நாகலூர்க்காரி:
சோறு. களி ராகியில். மிச்சத்தைப் பாட்டியிடமே கேளுங்கள். காது கொஞ்சம் மந்தம், சத்தமாகக் கேட்கணும். வரும்போது அந்த வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை:
அவரை நான் கூப்பிடுகிறேன். தம்பி கூப்பிட்டால் வரமாட்டார்.